காருக்கு எத்தனை கண்கள் வேண்டும்?



ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். தாமானில் ஒரு வரிசை வீடு. பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதற்காகத் தாத்தா காரில் ஏறி அமர்கிறார். வாசல் கேட் திறந்திருக்கிறது. தாத்தா மூன்று கண்ணாடிகளையும் பார்க்கிறார். வலிக்கிற கழுத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்க்கிறார். யாரும் இல்லை. ரிவர்ஸ் கியரைப் போடுகிறார். அதே நேரத்தில், "தாத்தா, நானும் வர்றேன்!" என்று இரண்டு வயதுப் பேரன் செருப்புகூடப் போடாமல் ஓடி வருகிறான். அவனுடைய தலை, காரின் பின் கண்ணாடியின் அடிவிளிம்பைக்கூட எட்டாது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படிப்பட்ட ஒரு காட்சி 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உண்மையாகவே நடந்தது. வீட்டு வாசலில் காரைப் பின்னோக்கிச் செலுத்தியவர் ஒரு தந்தை. அதுவும் குழந்தை நல மருத்துவர். பின்னால் வந்து நின்ற தம் இரண்டு வயது மகனை அவர் பார்க்க வழியே இருக்கவில்லை. குழந்தை இறந்து போனது. அந்தப் பெற்றோர் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து போராடினார்கள். 2008-ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் பிறந்தது. அந்தக் குழந்தையின் பெயரையே அச்சட்டத்திற்குச் சூட்டினார்கள். அதன் பயனாக 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல், அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று.

அந்த விதியை 2014-இல் அறிவித்தபோது, கார்கள் பின்னோக்கி வரும்போது ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் உயிரிழப்பதாக அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கணக்கிட்டது. அவர்களில் 31 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள். 26 விழுக்காட்டினர் 70 வயதைத் தாண்டிய முதியவர்கள். குட்டையாக இருப்பவர்களும் விரைந்து விலக முடியாதவர்களும்தான் இதில் அதிகம் பலியாகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும், பின்னால் இருப்பதை ஓட்டுநருக்கு உணர்த்தும் கருவியைக் கட்டாயமாக்கியது.

ஆகவே நேயர்களே, காருக்குக் கேமரா பூட்டுவது ஆடம்பரம் என்று பேசிய காலம் மலையேறிவிட்டது. இன்று எழும் கேள்வி வேறு. கடைக்குப் போனால் ஒரு கேமரா, இரண்டு கேமரா, நான்கு கேமரா என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையோ சில நூறு ரிங்கிட்டில் தொடங்கிச் சில ஆயிரம் ரிங்கிட் வரை போகிறது. இவற்றில் எதை வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?

பார்க்கும் கேமரா வேறு, பதிவு செய்யும் கேமரா வேறு

பயனீட்டாளர் பலர் முதலில் குழம்புவது இங்கேதான். முன் கண்ணாடியில் ஒட்டி வைக்கும் கேமரா, விபத்து நடந்தால் சாட்சி சொல்லும் கருவி. காப்புறுதிக்கும் காவல் துறைப் புகாருக்கும் அது உதவும். நடக்கப் போகும் விபத்தைத் தடுக்க அது அதிகம் உதவாது. காரைச் சுற்றி இருப்பதை அந்த நொடியிலேயே ஓட்டுநருக்குக் காட்டுவது வேறொரு கருவி. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்பவர்களும் உண்டு. வாங்கப் போகும் குடும்பம், தனக்குத் தேவை சாட்சியா, கண்ணா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கண் என்று முடிவு செய்தால், அதில் மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, பின்புறம் மட்டும் காட்டும் ஒற்றைக் கேமரா. இரண்டாவது, பின்புறத்தோடு இடது பக்கத்தையும் காட்டுவது. மூன்றாவது, முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரண்டு பக்கக் கண்ணாடிகளின் அடியில் ஒவ்வொன்று என நான்கு கேமராக்கள் கொண்ட சுற்றுப் பார்வைக் கருவி. கடைக்காரர்கள் '360 பாகை' என்று சொல்வது இதைத்தான்.

இந்த மூன்றாவது வகையை உலகில் முதன்முதலாக விற்பனைக் காரில் பொருத்தியது ஜப்பானின் நிசான் நிறுவனம். அது 2007-ஆம் ஆண்டு. அன்று அது விலையுயர்ந்த கார்களின் அலங்காரம். பிறகு மலேசியக் கார்களுக்கும் அது வந்து சேர்ந்தது. 2018-இல் புரோட்டான் எக்ஸ்70, 2020-இல் எக்ஸ்50, 2022-இல் பெரோடுவா அல்சா ஆகியவற்றின் உயர்ந்த ரகங்களில் நிறுவனமே இதைப் பொருத்திக் கொடுத்தது. அந்த ரகத்தை வாங்காதவர்களும் பழைய கார் வைத்திருப்பவர்களும்தான் துணைப்பொருள் கடைகளை நாடுகிறார்கள்.

வானத்திலிருந்து பார்க்கிறது யார்?

சுற்றுப் பார்வைக் கருவியின் திரையைப் பார்ப்பவர்கள் வியந்து போவார்கள். காருக்கு நேர் மேலே ஒரு பறவை நின்று படம் பிடிப்பதைப் போல இருக்கும். உண்மையில் மேலே எந்தக் கேமராவும் கிடையாது. நான்கு கேமராக்களிலும் ஏறத்தாழ 180 பாகை அகலம் பார்க்கும் மீன்கண் லென்ஸ் இருக்கிறது. அவை அனுப்பும் வளைந்த படங்களை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கி, நிமிர்த்தி, தரையில் விரித்த பாயைப் போல ஒன்றோடொன்று தைத்துவிடுகிறது. நடுவில் தெரியும் கார் வெறும் பொம்மைப் படம்.

'தைத்துவிடுகிறது' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தையல் என்றால் தையல் விழுந்த இடம் ஒன்று இருக்கும். காரின் நான்கு மூலைகளில்தான் அந்தத் தையல் விழுகிறது. மலிவான கருவிகளில், மூலையில் நிற்கும் ஒரு குச்சியோ கூம்போ பாதி மறைந்து போகும். சில நேரம் முழுவதுமே மறைந்து போகும். ஒரு குழந்தையும் அப்படி மறையக்கூடும்.

இரண்டாவது குறை உயரத்தில் இருக்கிறது. எல்லாமே தரைமட்டத்தில் கிடக்கின்றன என்று எண்ணிக்கொண்டுதான் அந்தப் பெட்டி கணக்குப் போடுகிறது. தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டைச் சரியான இடத்தில் காட்டிவிடும். ஆனால் ஒரு லோரியின் பின்தட்டு காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால், அது இருப்பதைவிடத் தள்ளியிருப்பதாகத் திரை காட்டும். நிற்கும் மனிதர், நிழலைப் போல நீண்டு சாய்ந்து தெரிவார். ஆகவே பறவைப் பார்வையைக் கொண்டு கோட்டையும் சாலை ஓர விளிம்பையும் பார்க்கலாம். ஆளையும் பொருளையும் பார்க்க, பக்கத்தில் தனியாகத் தெரியும் பின்புறக் கேமராவின் நேரடிப் படத்தைத்தான் நம்ப வேண்டும். இரண்டையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாகக் காட்டாத கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.

எந்தக் குடும்பத்திற்கு எது?

கேமராக்களின் எண்ணிக்கையைக் கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது. கார் நிற்கும் இடமும் ஓடும் சாலையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரிசை வீட்டில், சிறு குழந்தைகளோடு வாழும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆபத்து காரின் பின்புறத்தில், தரையை ஒட்டி இருக்கிறது. ஒரே ஒரு நல்ல பின்புறக் கேமராவும், பம்பரில் ஒலி எழுப்பும் உணர்கருவிகளும் அந்தக் குடும்பத்தின் முதல் தேவை. கேமரா, ஓட்டுநர் திரையைப் பார்த்தால்தான் உதவும். உணர்கருவியோ அவர் பார்க்காத நேரத்திலும் கூப்பிடும். மங்கலான நான்கு கேமராக்களைவிடத் தெளிவான ஒரு கேமராவும் நான்கு உணர்கருவிகளும் இங்கே மேல்.

அடுத்து, சிங்கப்பூரில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பெரிய வேனை நிறுத்துபவர். அந்நாட்டு நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி ஒரு நிறுத்துமிடத்தின் குறைந்தபட்ச அகலம் 2.4 மீட்டர், நீளம் 4.8 மீட்டர். 2023-இல் வெளிவந்த தொயோத்தா அல்பார்ட் காரின் அகலம் 1.85 மீட்டர், நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். நட்ட நடுவில் நிறுத்தினால் பக்கத்திற்கு 27 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். நீளத்தில் கோட்டைத் தாண்டியே நிற்கும். தூண்களுக்கும் சுவருக்கும் நடுவே இந்தக் காரைத் தினமும் நுழைப்பவருக்கு நான்கு கேமரா செலவு வீண் போகாது. பக்கக் கேமராக்களின் பயன் அங்கே ஒவ்வொரு நாளும் தெரியும்.

மூன்றாவது, கோலாலம்பூர், ஜொகூர் பாரு, பினாங்கு போன்ற நகரங்களில் நாள்தோறும் நெரிசலில் வேலைக்குப் போகிறவர். அவருக்குப் பெரிய ஆபத்து இடது பக்கத்தில் நுழைந்து வரும் மோட்டார் சைக்கிள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்கள் பின்னால் அமர்ந்து செல்பவர்களும்தான் என்பது நேயர்கள் அறிந்ததே. தென்கிழக்காசியாவின் கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான ஆசியான் என்கேப், 2021-ஆம் ஆண்டு தொடங்கிய மதிப்பெண் முறையில் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்புக்கென்றே 20 விழுக்காடு ஒதுக்கியது. ஹோண்டா சில மாதிரிகளில் தந்த 'லேன்வாட்ச்' கருவி, இடது சமிக்ஞை விளக்கைப் போட்டதும் இடது பக்கத்துச் சாலையைத் திரையில் காட்டும். வெளிக்கடையில் வாங்குபவர்களும் இந்த ஒரு வசதியைக் கேட்டு வாங்கலாம். சமிக்ஞை போட்டதும் பக்கக் கேமரா தானாகத் திரைக்கு வருகிறதா என்று கேளுங்கள். வராது என்றால் நெடுஞ்சாலையில் அந்தக் கேமரா இருந்தும் இல்லாததுதான்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி, படத்தின் தெளிவு பற்றியது. பெட்டியின் மேல் பெரிய எண்கள் போட்டிருப்பார்கள். கேமரா, கட்டுப்பாட்டுப் பெட்டி, திரை ஆகிய மூன்றில் எது தாழ்ந்ததோ, கிடைக்கும் படம் அந்தத் தரத்தில்தான் இருக்கும். 1080 வரித் தெளிவுள்ள கேமராவைப் பழைய வகைத் திரையில் இணைத்தால், கொடுத்த பணத்தில் பாதி வீண். சில திரைகள் அந்தப் படத்தை ஏற்கவே ஏற்காது. தன் காரில் இருக்கும் திரை இந்தக் கேமராவின் சமிக்ஞையை ஏற்குமா என்பதைப் பணம் கட்டுமுன் இணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இரவுப் பார்வை. கடையின் வெள்ளை விளக்கில் எல்லாக் கேமராவும் அழகாகத்தான் தெரியும். மாலை ஏழரை மணிக்குப் பிறகு, ரிவர்ஸ் விளக்கு மட்டும் எரிகிற இருட்டில் என்ன தெரிகிறது என்பதே பரீட்சை. எதிர்வெயில் முகத்தில் அடிக்கும்போது படம் வெளுத்துப் போகிறதா என்பதும் அதற்கு நிகரான பரீட்சை. முடிந்தால் அதே கருவியைப் பூட்டிய ஒரு காரை மாலையில் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, தாமதம். இதைப் பலர் கேட்பதே இல்லை. கார் மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற நடை வேகத்தில் பின்னால் போனாலும், ஒரு நொடியில் ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். படம் அரை நொடி தாமதித்தால், திரையில் தெரியும் குழந்தை உண்மையில் 70 சென்டிமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள். இதைச் சோதிப்பது எளிது. கேமராவுக்கு முன் ஒருவர் கையை மேலும் கீழும் ஆட்டட்டும். மற்றொருவர் கையையும் திரையையும் சேர்த்துப் பார்க்கட்டும். கை கீழே வந்த பிறகும் திரையில் மேலேயே நின்றால், அந்தப் பொருளைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். கியர் போட்டதும் படம் எவ்வளவு விரைவில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க விதி அதற்கு 2 நொடிதான் அனுமதிக்கிறது. காரை முடுக்கியவுடன் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சில திரைகள் அப்போதுதான் தூங்கி எழுவதைப் போல மெல்ல எழும்.

நான்காவது, வழிகாட்டிக் கோடுகள். திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் ஸ்டியரிங் திருப்பும்போது கூடவே வளைகின்றனவா, அசையாமல் நிற்கின்றனவா? வளைய வேண்டுமானால் கருவி காரின் மின்னணுத் தகவல் தொடர்போடு இணைய வேண்டும். எல்லாக் கார்களிலும் அது இயலாது. அசையாத கோட்டை அசையும் கோடு என்று நம்பி ஓட்டினால் தூண் மேல்தான் போய் முட்டும்.

ஐந்தாவது, மழையும் வெயிலும். ஐபி67 என்ற குறியீடு, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஐபி69கே என்பது, அழுத்தத்தோடு பீய்ச்சும் சுடுநீரையும் தாங்கும் என்பது. கார் கழுவும் கடைக்கு வாரந்தோறும் போகிறவர்கள் இரண்டாவது குறியீட்டைத் தேடலாம். வெயிலில் நின்ற காருக்குள் சூடு எப்படி ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. பதிவுக் கருவியும் சேர்த்து வாங்குபவர்கள், உள்ளே லித்தியம் மின்கலம் இல்லாமல் மின்தேக்கி உள்ள கருவியைக் கேட்பது பாதுகாப்பு.

ஆறாவது, கார் பேட்டரி. நிறுத்தி வைத்த காரையும் இரவு பகலாகப் பதிவு செய்யும் வசதி நல்லதுதான். கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கருவி 0.3 ஆம்பியர் மின்சாரம் எடுத்தால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. நான்கு நாள் விடுமுறைக்குக் காரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஏறத்தாழ 29 ஆம்பியர்-மணி கரைந்துவிடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்கும் மேல். திரும்பி வந்து சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வரும். பேட்டரி இறங்கும்போது தானாகத் துண்டித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பது அவசியம்.

பூட்டுகிறவர் கையில் பாதி இருக்கிறது

நல்ல பொருளை வாங்கி, அவசரக்காரரிடம் பூட்டக் கொடுத்தால் பலன் இல்லை. நான்கு கேமராக் கருவியைப் பூட்டி முடித்ததும், காரைச் சுற்றிச் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைத் துணிகளை விரித்து, படங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்படி அளவு சீரமைக்க வேண்டும். சமதரையில், டயர் காற்று சரியாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. இடமில்லாத கடையில், 'கண்ணால் பார்த்தே சரிசெய்து விடுகிறோம்' என்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளக்கூடாது. பின்னாளில் பக்கக் கண்ணாடியை மாற்றினாலோ, பம்பரில் அடிபட்டாலோ, ஸ்பிரிங்கைத் தாழ்த்தினாலோ, மறுபடியும் சீரமைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒயரை வெட்டி ஒட்டுகிறார்களா, காரின் இணைப்பானுக்குப் பொருந்தும் இணைப்பைப் பயன்படுத்துகிறார்களா என்பதும் முக்கியம். புதுக்காராக இருந்தால், ஒயரை வெட்டுவது நிறுவன உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்று சேவை மையத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆயிரம் ரிங்கிட் கருவிக்காகப் பல ஆயிரம் ரிங்கிட் உத்தரவாதத்தை இழப்பது எந்த வீட்டுக்கும் கட்டுப்படியாகாது.

வீட்டில் ஒரு சோதனை

பூட்டிய அன்று மாலை, குடும்பமே சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. அமெரிக்க விதிப்படி, காரின் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட இடம் திரையில் தெரிய வேண்டும். அதைச் சோதிக்க அவர்கள் 32 அங்குல உயரமுள்ள, அதாவது ஏறத்தாழ 81 சென்டிமீட்டர் உயரமுள்ள உருளைகளை நிறுத்துகிறார்கள். அது ஒன்றரை வயதுக் குழந்தையின் உயரம்.

வீட்டில் உருளை இருக்காது. இரண்டு வாளிகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து அந்த உயரத்துக்குக் கொண்டு வரலாம். அதைப் பின் பம்பருக்கு ஒட்டினாற்போல ஒருமுறை, மூன்று மீட்டர் தள்ளி ஒருமுறை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை வைத்துப் பாருங்கள். கார் நகராமல் நிற்கட்டும். தாத்தா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தெரிகிறதா இல்லையா என்று சொல்லட்டும். எங்கெங்கே வாளி மறைகிறதோ, அங்கெல்லாம் தரையில் சுண்ணாம்பால் குறி வையுங்கள். பிறகு அதே இடங்களில் இரவிலும் ஒருமுறை. கருவியின் உண்மையான எல்லை அந்தச் சுண்ணாம்புக் குறிகளில் தெரிந்துவிடும். விளம்பரத் தாள் அதைச் சொல்லாது. தையல் விழும் மூலைகளில் வாளி மறைந்து போனால், கடைக்குத் திரும்பிப் போய் மறுசீரமைப்பு கேட்க அந்தக் குறிகளே ஆதாரம்.

இந்தச் சோதனையால் இன்னொரு நன்மையும் உண்டு. காரை ஓட்டும் ஒவ்வொருவருக்கும், தங்கள் கார் எதைப் பார்க்காது என்பது தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். 'நீ இங்கே நின்றால் தாத்தாவுக்குத் தெரியாது' என்று வாயால் நூறு முறை சொல்வதைவிட, அந்தக் குறியில் பிள்ளையின் பொம்மையை வைத்துத் திரையில் காட்டினால் அது மனத்தில் பதியும்.

கேமராவுக்கு முன்னால் கால்

கடைசியாக ஒன்று. லென்ஸ் மேல் ஒரு துளி சேறு போதும். ஆயிரம் ரிங்கிட் கண் குருடாகிவிடும். மழைக்காலத்தில் தினமும் காலையில் விரலில் துணியைச் சுற்றித் துடைக்க வேண்டும். துடைப்பதற்காகக் காரின் பின்னால் போகிறவர், அப்படியே காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். அந்த ஒரு சுற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. குழந்தை எங்கே என்று வீட்டுக்குள் ஒரு குரல் கொடுத்து, யாராவது ஒருவர் அதன் கையைப் பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ரிவர்ஸ் கியரில் கை வைக்க வேண்டும். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் உறவினர் கூடும் நாட்களில், இந்தப் பழக்கம் இருமடங்கு தேவை.

தொடக்கத்தில் பார்த்த அந்தத் தாத்தா நல்ல ஓட்டுநர்தான். மூன்று கண்ணாடிகளையும் பார்த்தார், கழுத்தையும் திருப்பினார். பேரன் நின்ற இடம் அவர் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். எட்டாத இடத்தை எட்ட வைப்பதே இந்தக் கருவியின் வேலை. அதற்கு ஒரு கேமரா போதுமா, நான்கு வேண்டுமா என்பதைத் தாத்தாவும் மகனும் மருமகளும் வாசலில் நின்று, தங்கள் காரைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்யட்டும். வருமுன் காப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.